முப்பத்தேழாம் எண் கைதட்டல்

எனக்குத் தெரிந்தது ஒரே சோதனைதான். காரில் ஏறி உட்கார்ந்து, டிக்கியில் இருக்கும் இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கும் வேலை கொடுத்து, கேம்பல்டன் சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பின்பக்கத்து நம்பர் பலகை கடகடவென்று ஆடினால் பேஸ் என்கிற அடித்தொனி உருப்படியாக இருக்கிறது. ஆடாவிட்டால் அட்டையில் என்ன பெருமை அச்சடித்திருந்தாலும் அது குப்பை. ஒலித்தொகுப்பு விற்கிற நிறுவனங்களுக்கு என் முறை பிடிக்காது. பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்து, விலை உயர்ந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்க வேண்டுமாம். அட்லாண்டாவில் எவன் பஞ்சு அறையில் ராப் கேட்கிறான்? இங்கே பாட்டு காரில் பிறந்து காரில்தான் சாகிறது.

என் பெயர் ரோஸ்கோ விட்லோ. 'டிக்கி சோதனை' என்று யூடியூபில் ஒரு சேனல் நடத்துகிறேன். ராப்புக்குப் பின்னணித் தாளம், அதாவது பீட், செய்கிறவர்களுக்காகக் கணினியில் போட்டுக்கொள்ளும் ஒலித்தொகுப்புகள் வருகின்றன அல்லவா, டிரம், பேஸ், கைதட்டல், பியானோ என்று ஆயிரக்கணக்கில் அடைத்து விற்பார்களே, அவற்றை வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதுதான் என் வேலை. மெம்பிஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கிற பையன்கள்கூட "ரோஸ்கோ என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுப்பார்கள். என் காது தப்பாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

அந்த அக்டோபரில் கலிபோர்னியா நிறுவனம் ஒன்று 'பீச் கான்கிரீட்' என்ற தொகுப்பை அனுப்பியது. அட்லாண்டா என்றாலே பீச் பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள், வேறு ஒன்றும் இங்கே விளையாதது போல. பெயரைப் பார்த்ததுமே அரை மதிப்பெண்ணைக் கழித்துவிட்டுக் காரை எடுத்தேன்.

ஆயிரத்து இருநூறு ஒலிகள். பேஸ் பரவாயில்லை, பலகை ஆடியது. நாற்பது டிரம் அடிகள் என்று போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டுதான். மீதியெல்லாம் அதே அடியைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் வேறு பெயர் வைத்தது. இந்த வேலையை எல்லாரும் செய்கிறார்கள், எல்லாரையும் நான் திட்டுகிறேன், யாரும் திருந்துவதில்லை. ஆனால் ஹை-ஹாட் தட்டு ஒலிகள் அருமை. ஒவ்வொன்றும் கூர்மை, ஒவ்வொன்றிலும் ஒரு மனிதனின் கை தெரிந்தது. அதற்காகவே ஏழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே கோழிச் சிறகுக் கடை வாசலில் காரை நிறுத்தினேன். லெமன் பெப்பர் பத்துத் துண்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கைதட்டல் ஒலிகளை ஒவ்வொன்றாக ஓட விட்டேன்.

முப்பத்தேழாம் எண் வந்தது. கையில் எடுத்த துண்டை டப்பாவில் திரும்பப் போட்டேன்.

மறுபடி ஓட விட்டேன். டப் என்று ஒரு அறை. அதன் வாலில் ஏதோ சுழலும் சத்தம். அந்தச் சுழலுக்குள் டிக், டிக், டிக் என்று மூன்று. அப்புறம் தூரத்திலிருந்து வருவது போல மெலிதாக ஒரு எதிரொலி. மூல ஒலியைவிட அரைச் சுருதி இறக்கி வைத்திருந்தார்கள். எத்தனை சுருதி இறக்கினால் என்ன, பெற்ற பிள்ளையின் குரல் தெரியாமல் போகுமா? அது எங்கள் பதினொன்று. என்னுடையது, என் நண்பன் ஜமார்கஸுடையது.

2003-ல் ஜமார்கஸ் ஒரு ஸ்கேட்டிங் அரங்கில் வேலை பார்த்தான். வாடகை ஸ்கேட்டுகளை அளவு பார்த்து எடுத்துக் கொடுக்கிற வேலை. நாங்கள் இருவரும் அப்போதுதான் பீட் செய்யத் தொடங்கியிருந்தோம். எங்களுக்கென்று ஒரு கைதட்டல் வேண்டும், கடையில் கிடைக்கிறது வேண்டாம் என்று அவனுக்கு வெறி. அரங்கு திறக்காத ஒரு மத்தியான நேரம். பதினொன்றாம் அளவு ஸ்கேட் ஜோடியை எடுத்து அடியோடு அடி சேர்த்து ஓங்கி அடித்தான். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அடித்த வேகத்தில் சக்கரங்கள் சுழன்றன. இடது ஸ்கேட்டில் ஒரு சக்கரம் கோளாறு, அது மூன்று தரம் டிக்கென்று தட்டி நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாற்பது தடவை முயன்றும் அதுபோல இன்னொன்று விழவில்லை.

அந்த ஒலிக்குப் பதினொன்று என்றே பெயர் வைத்தோம். எங்கள் பீட் எல்லாவற்றிலும் அது இருக்கும். சிக்னலில் பக்கத்து கார் ஜன்னல் வழியாக அதைக் கேட்டதுமே "இது ரோஸ்கோ-ஜே பீட்டு" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஜமார்கஸ் ஒரு விதி வைத்திருந்தான். பாட்டு முடிந்ததும், எல்லா ஒலியையும் அளவு பார்த்துக் கலவை செய்கிறவருக்கு ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்து அனுப்புவது வழக்கம். அப்படி அனுப்பும்போது கைதட்டலை மட்டும் தனியாக அனுப்பக் கூடாது, ஹை-ஹாட்டோடு சேர்த்து ஒரே ஃபைலாகத்தான் கொடுக்க வேண்டும். தனியாகப் போனால் எவன் வேண்டுமானாலும் ஒரு அடியை வெட்டி எடுத்துத் தன்னுடையதாக்கிக் கொள்ளலாம். "பதினொன்னு துணையில்லாம வெளிய போகாது" என்பான். சிரிப்போம், ஆனால் மீற மாட்டோம்.

2012 வாக்கில் சேர்ந்து பீட் செய்வது நின்றது. சண்டை எதுவும் இல்லை. அவனுக்குப் பிள்ளைகள் வந்தன, எனக்குச் சேனல் வந்தது. சனிக்கிழமைகளில் சேர்ந்து சாப்பிடுவது மட்டும் தொடர்ந்தது. என் ஹார்ட் டிஸ்க் எரிந்துபோன பிறகு பதினொன்று அவனிடம் மட்டும்தான் இருந்தது. வேண்டும்போது கேட்டால் கொடுப்பான் என்று நானும் நகல் எடுக்கவில்லை.

ஆக, உலகத்தில் ஒரே ஒரு பிரதி. அது இப்போது கலிபோர்னியாக்காரன் தொகுப்பில் முப்பத்தேழாம் எண். ஒலிகள் செய்து கொடுத்தவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது வரியில் ஜமார்கஸின் பெயர்.

அது எனக்குப் புதுச் செய்தியும் அல்ல. கோடையில் அவனே சொன்னான். "ஒரு கம்பெனி கூப்டிருக்கு புரோ. கொஞ்சம் சவுண்டு செஞ்சு குடுக்கறேன்."

"அப்ப உன்னயே வித்துட்டன்னு சொல்லு" என்றேன்.

"ஹை-ஹாட்டு மட்டும்தான்டா. என்னை முழுசா வாங்கறதுக்கு அவங்ககிட்ட அவ்வளவு ஏது?" என்று சிரித்துக்கொண்டே என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு வேறு மாதிரி ஞாபகம் வந்தது. ஹை-ஹாட் மட்டும் என்று சொல்லிவிட்டு எங்கள் பதினொன்றையும் சேர்த்து விற்றிருக்கிறான், அதையும் என் முன்னால் உட்கார்ந்து, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே. ரத்தம் தலைக்கு ஏறியது.

ஒரு போன் செய்திருக்கலாம். அவன் எண் எனக்கு மனப்பாடம், இருபது வருடமாக மாறாத எண். பத்து எண்களை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? நான் அழுத்தவில்லை. கேமராவை முன்கண்ணாடியில் மாட்டினேன்.

அன்று பேசியது வரிக்கு வரி எனக்குத் தெரியும். மறக்க முயன்று பார்த்தாயிற்று.

"மக்களே, நல்லா கேளுங்க. முப்பத்தேழு. கேட்டுச்சா? இது அவங்க செஞ்சது இல்ல, எங்களோடது. சொந்தக்காரனுக்கே தெரியக் கூடாதுன்னு அரைச் சுருதி இறக்கிருக்காங்க, திருடிட்டு வந்த காருக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி. பின்னாடி ஒரு எக்கோ வருது பாருங்க, சாக்கடைக்குள்ள கத்தின மாதிரி? எவனோ காது செத்தவன் போட்டிருக்கான். சரி, இது அவங்க கைக்கு எப்படிப் போச்சு? பட்டியலப் பாருங்க. மூணாவது பேரு. என் நண்பன். ரெண்டு பேரும் சேந்து பெத்த புள்ளைய ஒருத்தன் மட்டும் கொண்டுபோய் வித்துட்டான். பத்துக்கு மூணு. அதுவும் ஹை-ஹாட்டுக்கு."

அந்த ஹை-ஹாட்டைச் செய்தது யார் என்றும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை.

என் வீடியோக்களை வழக்கமாக இருபதாயிரம் பேர் பார்ப்பார்கள். இதை மூன்று நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். சண்டை என்றால் ஜனங்களுக்குப் பசி வந்துவிடுகிறது. நானும் நள்ளிரவில் எழுந்து எழுந்து எண்ணிக்கையைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீடியோ போட்ட மறுநாள் மத்தியானம் ஜமார்கஸ் கூப்பிட்டான்.

"ரோஸ்கோ, நான் குடுக்கல."

"அப்ப யாரு குடுத்தா? ஸ்கேட்டு தானா உருண்டு கலிபோர்னியா போச்சா?"

"நான் குடுத்தது ஹை-ஹாட்டு. எண்பது ஃபைலு. வேணும்னா மெயிலக் காட்டறேன்."

"மெயிலு ரெண்டா அனுப்பலாம். ஒன்ன காட்டலாம், ஒன்ன மறைக்கலாம்."

போனில் அவனுக்குப் பின்னால் அவன் சின்ன மகள் தொலைக்காட்சியோடு சேர்ந்து பாடுவது கேட்டது.

"நீ அத இன்னொரு தடவ கேளு" என்றான். "முழுசா. கடைசி வரைக்கும். கோவம் இல்லாம கேளு."

"என் காதுக்கு நீ பாடம் நடத்தறியா?"

"பாடம் இல்லடா. கேளுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

நான் போனை வைத்துவிட்டேன். கேட்கவும் இல்லை. கேட்டதைத் திரும்பக் கேட்கச் சொன்னால் என் காதையே சந்தேகப்படுகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை. நானும்தான்.

ஊர் மீதியைப் பார்த்துக்கொண்டது. ஒரு பையன் ஜமார்கஸ் முகத்தை வெட்டி, தலையில் விலைச்சீட்டு ஒட்டிய படத்தை உலாவ விட்டான். வருடா வருடம் நடக்கும் பீட் போட்டியில் அவன்தான் நடுவராக இருப்பான். அந்த வருடம் "அடுத்த முறை பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள். தொகுப்பின் இரண்டாம் பாகத்துக்கு அவனை எடுத்திருந்த நிறுவனம் விலக்கிவிட்டது. எங்கள் முடிவெட்டும் கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "உன் பார்ட்னரு இப்ப மயிரையும் தனித்தனியா வித்துட்டு இருப்பானோ?" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

ஒன்பது மாதம் போயிற்று. ஜூலையில் டிகேட்டரில் அக்கா வீட்டுத் தோட்டத்தில் குடும்ப விருந்து. அடுப்பில் விலா இறைச்சி, மேசையில் மக்ரோனியும் உருளைக்கிழங்கு சாலடும். அத்தான் கர்ட்டிஸ் பழைய பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தட்டோடு வரிசையில் நிற்கும்போது ராப் பாடகர் ஹெர்ஷலின் பாட்டு ஒன்று ஓடியது. 2009-ல் ஊரெல்லாம் ஓடிய பாட்டு. பீட் என்னுடையது. அதை நான் தனியாகவே செய்தேன், ஜமார்கஸ் அப்போது ஊரில் இல்லை.

பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று கைதட்டல் மட்டும் வரும் இடம் ஒன்று உண்டு. டப். டிக், டிக், டிக். அப்புறம் தூரத்திலிருந்து மெலிதாக ஒரு எதிரொலி.

அரைச் சுருதி இறங்கிய பதினொன்று. அந்தப் பாட்டின் சுருதிக்குப் பொருந்த வேண்டும் என்று நானே இறக்கியது. அந்த எதிரொலியும் நானே போட்டது. அந்த வருடம் எனக்கு அது ஒரு பைத்தியம், எல்லாவற்றிலும் அதைத் தடவி வைப்பேன். காது செத்தவன் என்று மூன்று லட்சம் பேர் முன்னால் நான் திட்டியது என்னைத்தான்.

"என்னடா, எலும்பு தொண்டையில மாட்டிக்கிச்சா?" என்றாள் அக்கா. தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். 2009 மார்ச் பதினான்கு. ஹெர்ஷலின் ஸ்டுடியோவில் கலவை செய்தவருக்கு நான் அனுப்பியது. "அவசரம்னு சொன்னீங்க, எல்லாம் தனித்தனியா இருக்கு, எது வேணும்னாலும் கேளுங்க." கீழே பதினாறு ஃபைல்கள். ஆறாவதில் கைதட்டல். துணையில்லாமல்.

அதற்கு முன் எனக்கு அது ஞாபகமே இல்லை என்று சத்தியம் செய்வேன். பார்த்ததும் எல்லாம் வந்தது. அந்த ஆள் ஒரே நாளில் மூன்று தடவை கூப்பிட்டார். கைதட்டலைத் தனியாகக் கொடுத்தால்தான் பாட்டு எடுபடும் என்றார். ஹெர்ஷல் அப்போது ஊரின் ராஜா, அவர் ஸ்டுடியோவிலிருந்து என்னைத் தேடிப் போன் வருகிறது, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜமார்கஸ் ஊருக்குத் திரும்பி வந்து "வழக்கம் போலத்தான அனுப்பின?" என்று கேட்டபோது ஆமாம் என்றேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட இல்லாமல் சொன்னேன். அப்படிச் சொன்ன பொய்தான் சீக்கிரம் மறந்துபோகிறது.

திரும்பக் காரில் போய் உட்கார்ந்து இன்னொரு வீடியோ எடுத்தேன். மின்னஞ்சலைக் காட்டினேன், பாட்டைப் போட்டேன், முப்பத்தேழைப் போட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பன்னிரண்டு நிமிடம். வெளியிடும் பொத்தான் மேல் விரலை வைத்தவன், முதலில் அவனிடம் காட்டிவிடலாம் என்று எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவன் அதைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டுவான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிகிற நேரம் பார்த்துப் போனேன். கதவைத் திறந்தது டெனெல், அவன் மனைவி. இன்னும் சர்ச்சுக்குப் போட்ட மஞ்சள் உடையிலேயே இருந்தாள். இத்தனை வருடமும் என்னை "ரோஸ்கோ, வா, சாப்டியா" என்று கூப்பிட்டவள், கதவைப் பாதிதான் திறந்தாள்.

"மிஸ்டர் விட்லோ. என்ன விஷயம் சொல்லுங்க."

"டெனெல், ஜமார்கஸ் இருக்கானா? நான்தான் தப்பு பண்ணிட்டேன். அந்தக் கைதட்டல் என்கிட்ட இருந்துதான் போயிருக்கு."

அவள் முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன். இல்லை.

"அப்படியா? இப்பத்தான் தெரிஞ்சுதா? எங்களுக்கு ஒங்க வீடியோ வந்த அன்னிக்கே தெரியும்."

"அன்னிக்கேவா?"

"ஒரு தடவதான் கேட்டாரு. 'இது ரோஸ்கோ எக்கோ, ஹெர்ஷல் பாட்டுல வந்தது'ன்னாரு. அந்த ஸ்டுடியோவ இழுத்து மூடினப்ப டிஸ்க்கு எல்லாத்தையும் யாரோ அள்ளிட்டுப் போனாங்க, அங்க இருந்து போயிருக்கும்னும் சொன்னாரு. கம்பெனிக்காரங்க வேற கூப்ட்டாங்க. 'ஊருக்குச் சொல்ல, இது யாரு மூலமா வெளிய வந்துச்சுன்னு ஒரு பேரு சொல்லுங்க, இல்லன்னா ஒங்கள எடுத்துருவோம்'னாங்க. இதோ இந்த ஹால்லதான் நின்னு பேசினாரு. ஒங்க பேரு வாய் வரைக்கும் வந்துச்சு, நான் பாத்தேன். 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிட்டு வெச்சாரு." அவள் குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "நானா இருந்தா ஸ்பெல்லிங்கோட சொல்லிருப்பேன்."

"யாரு டெனெல்?" உள்ளேயிருந்து அவன் குரல்.

"ஒங்க தப்பாத காது வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜமார்கஸ் வந்தான். விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றுகிறவர்கள் போடும் பச்சைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. மெலிந்திருந்தான். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வாசல் படியில் நின்றான். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"பத்து நிமிஷம்தான் இருக்கு. ஷிப்டு."

"டேய்… தெரிஞ்சும் ஏன்டா சொல்லல? போன்லயே சொல்லிருக்கலாம்ல?"

"கேளுன்னு சொன்னேன்ல."

"நீ சொல்லிருக்கணும். 'முட்டாளே, நீதான் அனுப்பின'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கணும்."

"சொல்லிருந்தா நம்பிருப்பியா?"

நான் அவன் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தேன்.

"நம்பிருக்க மாட்ட" என்றான். கோபமே இல்லை அவனிடம், இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தப்பிக்கறதுக்காக உன் மேலயே பழி போடறேன்னு இன்னொரு வீடியோ போட்டிருப்ப. அதுக்கு ஆறு லட்சம் பேரு வந்திருப்பாங்க. நீயா கேட்டாத்தான் உண்டுன்னு தெரியும். கேப்பன்னு நெனச்சேன். ஒரு வாரம், மிஞ்சிப் போனா ரெண்டு வாரம்னு நெனச்சேன் புரோ."

"கம்பெனிக்காரன்கிட்டயாவது என் பேர சொல்லிருக்கலாம்."

"சொல்லி? 'டிக்கி சோதனை' ரோஸ்கோவே ஃபைல வெளிய விட்டவன்னு ஊருக்குத் தெரிஞ்சா அப்புறம் உன் பேச்ச எவன் கேப்பான்? உனக்கு வேற என்ன தெரியும்? எனக்குப் பெட்டியாவது தூக்கத் தெரியும்."

அவன் நகைச்சுவையாகத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது ஆள், அடுத்தவன் வாசல் படியில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி அழுதேன். ஜமார்கஸ் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நான் முடிக்கும் வரை நின்றான்.

போனை எடுத்து நீட்டினேன். "வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். எல்லாத்தையும் சொல்லிருக்கேன், மெயிலோட. இன்னிக்கே போட்டுர்றேன். உன் பேரு திரும்ப வந்துரும்டா."

அவன் போனை வாங்கவில்லை.

"வேணாம்."

"ஏன்டா? நீ ஒண்ணும் பண்ணலன்னு எல்லாருக்கும் தெரியட்டுமே!"

"ரோஸ்கோ, இப்பத்தான் மறந்திருக்காங்க. என் பொண்ணு ஸ்கூல்ல அந்தப் படத்த அனுப்பறத இப்பத்தான் நிறுத்திருக்காங்க. நீ போட்டா மறுபடி பழசத் தேடிப் பாப்பாங்க. பாதிப் பேரு புதுச முழுசாப் பாக்க மாட்டான், பழசத்தான் பாப்பான். மறுபடி என் பேரும் திருட்டும் பக்கத்துல பக்கத்துல வரும்." அவன் கார் சாவியை எடுத்தான். "பழைய வீடியோவ எடுத்துரு. அது போதும்."

"அப்ப நான் உனக்கு என்னதான்டா செய்றது?"

"நான் உன்ன மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. அது வேற" என்றான். கார் கதவைத் திறந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு செய்யி. நல்லதுக்கோ கெட்டதுக்கோ, என் பேரு இனிமே உன் வாயில வர வேணாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு, கார் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். டெனெல் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

பழைய வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டேன். அதை நகல் எடுத்து வைத்தவர்களிடம் அது இன்னும் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். பன்னிரண்டு நிமிட வீடியோ என் கணினியில் தூங்குகிறது. நான் இப்போதும் ஒலித்தொகுப்புகளைச் சோதித்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஜனங்கள் இப்போதும் நம்புகிறார்கள். பட்டியலில் இருக்கும் பெயர்களை மட்டும் நான் படிப்பதில்லை.

நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு முட்டும் போலிருந்தது, அதனால்தான் இதை எழுதினேன். ஆனால் அவனிடம் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. ஜமார்கஸ் என்பது அவன் பெயர் இல்லை.